பார்க்கிறதுக்கு மூணு வார்த்தையா!

கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். அவர் உயிரை வாங்கியது இங்கிலீஷ்தான், அதிலும் ‘பார்’ என்ற ஒரு சொல். தமிழில் அதை வைத்துக்கொண்டு உலகத்தையே பார்த்துவிடலாம். இங்கிலீஷிலோ ஸீ, லுக், வாட்ச் என்று மூன்று. எதைப் போட்டாலும் ஏடாகூடமாகத்தான் முடிந்தது.

ஒருநாள் தமிழ் தெரியாத வயதான அம்மா ஒருவர் வந்தார். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். கண்ணாடிக்காரர் எழுத்துப் பலகையைக் காட்டி, "ஸீ" என்றார்.

கடைசி வரி தெரியவில்லை என்று அந்த அம்மா இங்கிலீஷில் சொன்னார்.

"ஸீ, ஸீ!"

தெரியவில்லை என்கிறேனே என்று அவர் குரல் உயர்ந்தது. கண்ணாடிக்காரர் சட்டென்று ‘வாட்ச்’சுக்கு மாறினார். அந்த அம்மா பலகையையே உற்றுப் பார்த்துவிட்டு, அதில் ஏதாவது நகருமா என்று கேட்டார்.

ஒருவழியாகச் சோதனை முடிந்தது. கண் களைத்துப் போயிருந்தது. கண்ணாடி தயாராகும்வரை டிவி பார்க்க வேண்டாம் என்று சொல்ல நினைத்து, "யூ வில் நாட் ஸீ டிவி" என்றார்.

"நெவர்?" என்றார் அந்த அம்மா, மெல்ல.

பேரம் பேசுகிறார் என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் கறாராகச் சொன்னார்: "நெவர்!"

அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

"இனிமே கண்ணே தெரியாதுன்னு சொல்லிட்டீங்கப்பா அவங்ககிட்ட!"

"டிவி பார்க்காதேன்னுதானேம்மா சொன்னேன்?"

"தானா கண்ணுக்குத் தெரிஞ்சா ஸீ. நாமளா திரும்பிப் பார்த்தா லுக். நடக்கிறதைப் பார்த்துட்டே இருந்தா வாட்ச். அவ்வளவுதான்."

"அப்போ டாக்டரைப் பார்க்கப் போறது?"

"அது ஸீ."

"ஏன், அவர் தானா வந்து கண்ணுல தெரியுறாரா?"

மகள் பெருமூச்சு விட்டாள்.

"சரி, குழந்தையைப் பார்த்துக்கோன்னா?"

"லுக் ஆஃப்டர்."

"ஆஃப்டர்னா அப்புறம்தானே? அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா, குழந்தை கட்டில்லேர்ந்து விழுந்துடாதா?"

"அப்பா, எனக்கு வேலை இருக்கு" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடி தயாரானதும் அந்த அம்மா வந்தார். கண்ணாடிக்காரர் காலையிலிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துத் தயாராக இருந்தார். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, இப்போது எப்படித் தெரிகிறது என்று கேட்பதாக நினைத்து, ‘ஸீ’யை ஜாக்கிரதையாகத் தவிர்த்து, "ஹவ் டூ யூ லுக்?" என்றார்.

அந்த அம்மா மேஜைமேலிருந்த முகக்கண்ணாடியில் தன்னை நிதானமாகப் பார்த்துக்கொண்டார்.

"ஓல்டு" என்றார்.

பின்னறையில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாவோ அழுத கதையெல்லாம் மறந்து, அவர் தோளைத் தட்டிவிட்டு, கடைசி வரியைச் சத்தமாக, ஓர் எழுத்து விடாமல் படித்தார்.