குளிரப்போகும் பையும் குளிர்ந்து முடிந்த பையும்

மருத்துவச் சான்றிதழ் அவரை ஒரே வரியில் முடித்துவைத்திருந்தது: "செவித்திறன் மிகக் குறைவு. கூர்ந்த கவனம் தேவைப்படாத பணிக்கு ஏற்றவர்." அந்த வரியின் புண்ணியத்தில்தான் குளிர்ப்பைத் தொழிற்சாலையின் பொதியறையில் அவருக்கு வேலை கிடைத்தது. உடன் வேலை செய்த பெண்கள் வைத்த பெயர் வேறு: ஏனக்கா. எதற்கும் "ஏன்?" என்பார், பதில் வரும் வரை எதிராளியின் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

குளிர்ப்பை எளிய சாமான். கெட்டியான வெள்ளைப் பை நிறைய யூரியா குருணை. நடுவே தண்ணீர் அடைத்த சின்னப் பை. காலில் சுளுக்கா? ஓங்கி ஒரு குத்து. உள்பை உடைந்து, குருணை கரைந்து, ஜில்லென்று ஆகிவிடும்.

ஏனக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆய்வகத்துக்காரரை வழிமறித்தார்.

"சார், விறகு எரிஞ்சா சூட்டைக் கொட்டுது, சரி. இது சூட்டை உள்ள இழுக்குதே, யார் இழுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. குருணைக்குள்ள எல்லாம் வரிசையா அடங்கி நிக்குது. தண்ணி பட்டா கலைஞ்சு சிதறுது. அந்தச் சிதறலுக்குப் பேரு என்ட்ரோபி. சூட்டையும் சிதறலையும் சேர்த்துப் பாத்தா வர்றது கட்டிலா ஆற்றல், இங்கிலீஷ்ல ஃப்ரீ எனர்ஜி. அது குறையிற பக்கம்தான் எதுவும் தானா நடக்கும்."

"எங்க வீட்டுக்காரர் அலமாரி கலையிற மாதிரி."

"அதேதான். ஆனா ஒரு தடவை கலைஞ்சா முடிஞ்சது. மறுபடி குளிராது."

அடுத்த வாரம் ஒரு பெரிய ஓட்டப்பந்தயத்துக்கு இரண்டாயிரம் பைகள் மறுநாளே போக வேண்டியிருந்தது. கையிருப்பில் இருந்தவை இரண்டாயிரத்து நானூறு. காலைச் சோதனையில் பத்தை உடைத்தார்கள், இரண்டு குளிரவில்லை. உள்பைகள் சில கசிந்திருக்கின்றன. சரக்கு தவறினால் பொதியறையை இழுத்து மூடிவிடுவதாக முதலாளி முன்பே சொல்லியிருந்தார். பன்னிரண்டு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எல்லாத்தையும் உடைச்சே பாத்துடலாம் சார்," என்றார் மேற்பார்வைக்காரம்மா. "எது நல்லதுன்னு சுத்தமா தெரிஞ்சுடும். அனுப்பத்தான் ஒண்ணும் இருக்காது."

ஆய்வகத்துக்காரர் எடை போட்டார். ஒரே எடை. வெப்பமானி வைத்தார். ஒரே சூடு; கசிந்தவை என்றோ சத்தமில்லாமல் குளிர்ந்து, அறைச் சூட்டுக்கே திரும்பியிருந்தன. உள்ளே இருந்த பொருளும் ஒன்றே. மாறியிருந்தது குருணைக்குள் இருந்த வரிசை மட்டும். வரிசையை அளக்கும் கருவி அவரிடம் இல்லை.

ஏனக்கா இரண்டு பைகளை ஏந்தி மெல்லக் குலுக்கினார்.

"இதுல குருணை ஓடுது. இதுல ஓடல, கரைஞ்சு கட்டி தட்டிருக்கு."

மேற்பார்வைக்காரம்மா ஒன்றைக் காதருகே வைத்துப் பார்த்தார். "மெஷின் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலையே!"

"காது எதுக்கும்மா? உள்ளங்கைல வைங்க."

வைத்தும் அவருக்குப் பிடிபடவில்லை. நல்லதென்று பத்து, கெட்டதென்று பத்து எடுத்துக் கொடுத்தார் ஏனக்கா. ஆய்வகத்துக்காரர் இருபதையும் குத்தி உடைத்தார். முதல் பத்தும் விரல் மரக்கும்படி குளிர்ந்தன. மற்ற பத்தும் குளிரவே இல்லை. அவர் ஏனக்காவுக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அன்று மாலைக்குள், கூர்ந்த கவனம் தேவைப்படாத பணிக்கு ஏற்றவர், மிச்சமிருந்த ஒவ்வொரு பையையும் கையில் வைத்துக் குலுக்கி, முந்நூற்றுப் பதினாறை ஒதுக்கினார்.