ஜோடி இல்லாமல் இறங்கக் கூடாது

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த பெரிய டாக்டர்கூட அப்படித்தான். நாளெல்லாம் ஆட்களைத் தொட்டு நிறுத்துவது அவள் வேலை. தோளைக் கொஞ்சம் திருப்பி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, "அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்விடுவாள். கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, "மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, விடுங்க" என்பாள். படம் எடுக்கிற நொடியில் அந்த அறையில் நோயாளியோடு யாரும் இருக்கக் கூடாது. அவளும்தான்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. அம்மா போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க வீட்டில் ஆளில்லை. கதிர்வீச்சைத் தடுக்கிற ஈய அங்கியைச் சுமந்து சுமந்து முதுகு பிடித்துக்கொண்டபோது, எலும்பு டாக்டர் நீந்தச் சொன்னார். மாத்திரை விழுங்குகிற மாதிரி கடனே என்று நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போனவள், போகப் போக அதில் ஊறிவிட்டாள். தண்ணீருக்குள் முதுகில் பாரமே இல்லை. இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் மூச்சு வாங்காமல் போய் வருவாள். குளத்துக் காவலாளியைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

கப்பல் பயணம் அவள் யோசனை அல்ல. மருந்துக் கவுண்டரில் வேலை பார்த்த தோழி பிடித்த பிடிவாதம் அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு தீவுகளின் படங்களைப் பார்த்தார்கள். எந்தத் தீவில் இறங்கி என்ன செய்வது என்று தோழிதான் முடிவு கட்டினாள். முதல் தீவில் முகக்கண்ணாடி மாட்டிக் குழாய் வழியாக மூச்சுவிட்டபடி மீன் பார்க்கிற ஸ்நார்கெலிங், அடுத்ததில் அருவி, அதற்கடுத்ததில் கடைத்தெரு. இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், கிளம்பும் வாரத்தில் தோழியின் மகளுக்குக் குறைப்பிரசவம் ஆகிவிட்டது. "நீ போயிட்டு வாடி. எனக்கும் சேத்துப் பாரு" என்றாள் தோழி.

இவளும் போகாமல் நின்றிருப்பாள். ஆனால் லீவு கிடைத்து, மாற்று ஆள் வந்து, துப்புரவுப் பெண்மணி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோரும் வாழ்த்தியாகிவிட்டது. போகவில்லையா, ஏன் போகவில்லை என்று அத்தனை பேர் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி மாளாது என்றே கப்பலேறினாள்.

அறையில் இரண்டு கட்டில்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்ததும், பரிமாறுகிறவர் எதிர் இருக்கைக்கு முன்னால் இருந்த தட்டு, கோப்பை, கரண்டி என ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார். சத்தம் வராமல் பக்குவமாக எடுத்தார். அதுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

தீவுச் சுற்றுலாக்களுக்குப் பதிவு செய்கிற கவுண்டரில் திருவிழாக் கூட்டம். அப்பாவுக்கு அருவி, அம்மாவுக்குக் கடை, பிள்ளைக்கு டால்ஃபின் என்று ஒவ்வொரு குடும்பமும் அங்கேயே நின்று பஞ்சாயத்து பேசியது. இவள் முறை வந்தபோது, வெள்ளைச் சட்டை இளைஞன் நிமிராமலேயே எத்தனை பேர் என்றான். ஒருத்தர், ஸ்நார்கெலிங்குக்கு என்றதும் நிமிர்ந்தான்.

"ஸ்நார்கெலிங்னா ஜோடி இல்லாம தண்ணில இறங்க விடமாட்டாங்க மேடம். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும். கூட யாரு வர்றாங்க?"

"யாருமில்ல."

தனியாக வருகிறவர்கள் பெரும்பாலும் அடியில் கண்ணாடி பதித்த படகில் போவார்கள், நனையாமல் உட்கார்ந்தே மீன் பார்க்கலாம் என்று அவன் இதமாகச் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. நீந்தத்தான் போகிறேன் என்றாள். அப்படியானால் அங்கே வேறு யாராவது ஒற்றையாக வந்திருந்தால் சேர்த்துவிடுவார்கள் என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

அப்படிச் சேர்த்துவிடப்பட்டவள்தான் மஞ்சள் தொப்பிக்காரி. இவளைவிடப் பத்து வயதாவது இளையவள். கணவன், மாமியார், வளர்ந்த மகள், மகன் என்று குடும்பத்தோடு வந்திருந்தாள். மற்றவர்கள் கம்பியில் தொங்கிக் காட்டைக் கடக்கப் போயிருந்தார்கள். நான் கடலில் இறங்குகிறேன் என்று தொப்பிக்காரி சொன்னபோது, நீயா என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நீச்சலில் பரிசு வாங்கியவளாக்கும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். படகில் இதையெல்லாம் சொல்லும்போதே தொப்பியின் விளிம்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீரில் இறங்கி முகத்தைக் கவிழ்த்த மாத்திரத்தில் அவளுக்குக் கைகால் உதறியது. கீழே அத்தனை ஆழம் தெரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. குழாயைத் துப்பிவிட்டு உப்புத்தண்ணீரை விழுங்கி, அருகிலிருந்த தோளைப் பற்றி ஏறப் பார்த்தாள். எக்ஸ்ரே அக்கா ஒரு முங்கு முங்கி எழுந்தாள். பிறகு அந்தக் கையைத் தோளிலிருந்து பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாருங்க. கீழ பாக்காதீங்க. மூச்சை இழுங்க. இப்ப விடுங்க. அவசரமே இல்ல, திரும்ப இழுங்க."

அவளுக்குப் பழகிப்போன வார்த்தைகள்தான். சொல்லிவிட்டு விலகிப் போக வேண்டியதில்லை என்பது மட்டும் புதிது. கொஞ்ச நேரத்தில் உதறல் அடங்கியது. இருவரும் கைகோத்தபடி முகத்தைக் கவிழ்த்தார்கள். கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்துத் தின்கிற நறநற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. புதிதாக எதைக் கண்டாலும் மஞ்சள் தொப்பிக்காரி கையை அழுத்துவாள். இவளும் அழுத்துவாள். படகுக்காரர் விசில் ஊதும்வரை அவள் கையை விடவில்லை. அம்மாவின் கடைசி நாட்களுக்குப் பிறகு, வேலைக்காக அல்லாமல் ஒரு கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அன்றுதான் என்று அக்காவுக்குத் தோன்றியது.

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் மஞ்சள் தொப்பிக்காரி வாய் ஓயாமல் பேசினாள். கப்பல் கண்ணில் பட்டதும் அடங்கிப்போனாள்.

"அக்கா, நான் பயந்தது எங்க வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம். சொல்லிச் சொல்லியே சிரிப்பாங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் அக்கா. ஒரு ரகசியத்தில் தனக்கும் பங்கு கிடைத்ததில் மனதுக்குள் குளிர்ந்துபோனாள்.

அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் குடும்பத்தின் மேஜையைக் கடக்கும்போது அவள் நடையை மெதுவாக்கினாள். மஞ்சள் தொப்பிக்காரி தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. சரி, அவ்வளவுதான் என்று நகரப் போனவளைத் தொப்பிக்காரியின் கணவர் எழுந்து வந்து மறித்தார். வாட்டசாட்டமான, நல்ல மனிதர்.

"தண்ணில ரொம்பப் பயந்துட்டீங்களாமே? கையை விடவே இல்லியாம் நீங்க. வீட்டம்மா இப்பதான் சொல்லிட்டிருந்தா."

அக்கா அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அங்கே மஞ்சள் தொப்பிக்காரியின் கரண்டி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"ஆமாங்க," என்றாள். "அவங்க மட்டும் இல்லேன்னா நான் அப்பவே படகுல ஏறியிருப்பேன்."

கரண்டி கீழே இறங்கியது. கணவர் பெருமையோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றார். உட்கார்ந்தாள்.

அதிலிருந்து அந்த மேஜையில் அவளுக்கு ஓர் இடம். மாமியார் அவள் தட்டைப் பார்த்துப் பார்த்து, இன்னும் போட்டுக்கொள் என்பார். இந்த வயதில் தனியாகக் கடலுக்கெல்லாம் எதற்கம்மா வந்தாய் என்று கேட்டபோதுகூட அதில் குத்தல் இல்லை. மகள் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று போனில் ஏதாவது காட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தீவில் அருவிக்குப் போக வேண்டாம் என்று கணவரே முடிவெடுத்தார். பயந்தவர்களுக்கென்றே கயிறு கட்டிய ஆழமில்லாத கடற்கரை ஒன்று இருந்தது. அக்காவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, குழாயில் எப்படி ஊதுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவளும் முதல் தடவை தப்பாக ஊதிக் காட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் மஞ்சள் தொப்பிக்காரி அவள் கையைப் பிடித்து நடத்திப் போக, மகள் அதைப் படமெடுத்தாள். முகத்தைக் கவிழ்த்தால் கலங்கிய மணலும் அவர்களுடைய கால்களும்தான் தெரிந்தன. அன்று அவள் சிரித்த சிரிப்பு பல வருஷங்களில் சிரித்திராத சிரிப்பு. ஆனால் அறைக்கு வந்து ஈரத்துணியைப் பிழியும்போது, நாளெல்லாம் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு நடந்த மாதிரி உறுத்தியது.

கடைசித் தீவுக்கு முந்தைய நாள் கவுண்டரில் எல்லோரும் சேர்ந்தே நின்றார்கள். கணவர் மறுபடியும் ஒரு கயிறு கட்டிய கடற்கரையைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடவா என்று கேட்டார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை இளைஞன் வேறொருவரிடம், பவளப்பாறை முடிந்து கடல் செங்குத்தாக இறங்குகிற இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றான்.

"இல்லீங்க, நீங்க போயிட்டு வாங்க. நான் வேற ஒண்ணு பாக்குறேன்."

"தனியாவா? பயப்படுவீங்களே."

"பயமாத்தான் இருக்கும். பாக்கலாம்."

மஞ்சள் தொப்பிக்காரி அந்த இளைஞன் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அந்தச் செங்குத்தான இடத்துக்குப் போன படகில் வந்தவர்கள் ஒற்றைப்படை. மிஞ்சியவளுக்குப் படகின் வழிகாட்டியே ஜோடி. அவர் முன்னால் நீந்திப் போய், அவ்வப்போது திரும்பி விரலை வளையமாக்கிச் சரிதானா என்று கேட்பார். அவளும் வளையம் காட்டுவாள். பாறை சட்டென்று முடிந்தது. அதற்கப்புறம் வெறும் நீலம்தான், அடி தெரியாத நீலம். அதன் விளிம்பில் அவள் மிதந்தாள். கீழிருந்து ஒரு திருக்கை மேலே வந்தது. கட்டில் விரிப்பை உதறினால் அலையுமே, அந்த மாதிரி இரண்டு பக்கமும் அலைய, அவசரமே இல்லாமல் அவளுக்கு அடியில் கடந்து போனது. அவள் தன்னை மறந்து கத்தினாள். சத்தம் குழாய்க்குள் சுற்றி அவள் காதிலேயே வந்து விழுந்தது. கையை அழுத்தப் போனாள். உள்ளங்கைக்குள் தண்ணீர்தான் இருந்தது. வழிகாட்டி அதற்குள் வெகுதூரம் போயிருந்தார்.

படகில் ஏறியதும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, நீ பார்த்தியா, நான் பார்த்தேன் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவள் வழிகாட்டியிடம் திருக்கையைப் பற்றிச் சொன்னாள். அவர் முகக்கண்ணாடிகளை வாளியில் அலசிக்கொண்டே, அது தினமும் அந்தப் பக்கம் வரும் என்றார்.

மாலையில் மேஜையில் கணவர் ஆவலாகக் கேட்டார், என்ன பார்த்தீர்கள் என்று. திருக்கை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் எங்கே நீந்தினாள் என்று சொல்ல வேண்டிவரும். பிறகு முதல் நாள் கதை நிற்காது. பக்கத்தில் மஞ்சள் தொப்பிக்காரி தண்ணீர்க் கோப்பையை இறுகப் பிடித்திருந்தாள்.

"நான் இறங்கவே இல்லீங்க. படகுலயே உக்காந்துட்டேன்."

நான்தான் சொன்னேனே என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, தலைவலி என்று எழுந்து மேல்தளத்துக்குப் போனாள்.

பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது.

"அக்கா, இறங்கினீங்கதானே?"

"ம்."

"என்ன பாத்தீங்க?"

அக்கா சொன்னாள். பாறை முடிகிற இடம், அந்த நீலம், திருக்கை வந்தது, தான் கத்தியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சின்னப் பெண் மாதிரி கையை விரித்து அது அலைந்ததைக் காட்டினாள். மஞ்சள் தொப்பிக்காரி கம்பியில் சாய்ந்துகொண்டு குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம்," என்றாள் பிறகு. "உங்களப் போய் இப்படி..."

"விடுங்க. அதனாலதானே எனக்கு உங்க மேஜையில இடம் கெடச்சுது."

மஞ்சள் தொப்பிக்காரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழிருந்து மகள் அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். போய்விட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அறைக்குப் போனாள்.

துறைமுகத்தில் இறங்கிய அன்று ஒரே நெரிசல். பெட்டிகள், ட்ராலிகள், ஆள் தேடுகிறவர்கள். போன் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டாக்ஸி வரிசையில் அவள் நின்றிருந்தபோது குடும்பத்தின் வேன் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. கணவர் கண்ணாடியை இறக்கினார்.

"மேடம், ஊருக்குப் போனதும் நீச்சல் கத்துக்கோங்க. வயசெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

"கண்டிப்பா கத்துக்கறேங்க," என்றாள்.

மாமியார் கையசைத்தார். பின் இருக்கையில் மஞ்சள் தொப்பிக்காரி முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்திருந்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. வேன் வளைவில் திரும்பியது. வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்தவர், போங்கம்மா என்றார். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.