பனிப்பலகையும் என் இருபத்தேழு சென்டிமீட்டர் காலும்

வாடகைக் கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு ஜோடி பூட்ஸை எடுத்து வைத்தாள். பெரிய ஜோடியை என் கணவர் பக்கம் தள்ளினாள், சின்னதை என் பக்கம். நாங்கள் ஜோடிகளை இடம் மாற்றிக்கொண்டோம். அவருக்கு ஏழு, எனக்குப் பத்து. பெண்கள் செருப்புக் கடையில் என் அளவு கிடைத்தது பத்தாம் வகுப்போடு சரி. அதன்பிறகு எல்லாம் ஆண்கள் பிரிவுதான்.

துபாயில் வார விடுமுறை வெள்ளி, சனிக்கு மாறியிருந்த புதிது. மாலுக்குள் கட்டியிருந்த பனிச்சறுக்குச் சரிவைப் பற்றி எங்கள் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த செய்திகளை எல்லாம் திருத்தியவள் நான். 'பாலைவனத்தில் பனி' என்ற தலைப்பை மூன்று தடவை அடித்து வேறு தலைப்பு போட்டிருக்கிறேன். ஆனால் உள்ளே போனதில்லை. கணவருக்குக் குவைத்தில் வேலை உறுதியாகி, மங்காஃபில் வீடும் பார்த்தாகிவிட்ட பிறகுதான் எனக்கு அவசரம் பிடித்தது. கிளம்ப இன்னும் மூன்று வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

"மங்காஃப்ல கடல் இருக்கு, இட்லி மாவு கிடைக்குது. ஆனா பனி மாஃபி, சுத்தமா கிடையாது," என்றார் அவர். "போறதுன்னா இப்பவே போயிட்டு வா."

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாற்காலி லிஃப்ட்டில் உச்சிக்குப் போய், ஸ்னோபோர்ட் என்கிற பனிப்பலகையில் நின்றபடி கீழே வர வேண்டும். ஆனால் யாரையும் அப்படியே மேலே விடுவதில்லை. கீழே உள்ள சின்னச் சரிவில் இரண்டு பக்கமும் திரும்பி, சொன்ன இடத்தில் நின்று காட்ட வேண்டும். பயிற்றுநர் அட்டையில் குறி போட்டால்தான் லிஃப்ட். மூன்று வகுப்புகளுக்குப் பதிவு செய்தேன்.

முதல் வெள்ளி. என் எடைக்கு ஏற்ற பெண்கள் பலகையைக் கொடுத்தார்கள். பூட்ஸ் நானே சொன்ன பத்தாம் எண். கை படாமல் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வசதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். குளிருமே என்று இரண்டு ஜோடி காலுறை வேறு.

ஸ்னோபோர்டில் நேராகப் பார்த்து நிற்பதில்லை. பலகைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் நிற்க வேண்டும். குதிகால் பக்கம் சாய்ந்தால் ஒரு பக்கம் திரும்பும், விரல் பக்கம் சாய்ந்தால் மறுபக்கம். குதிகால் திருப்பம் எனக்கு அரை மணியில் வந்துவிட்டது. விரல் பக்கம் சாய்ந்தால் மட்டும் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல முகம் குப்புற விழுந்தேன். பதினோரு முறை. எண்ணுவது தொழில் பழக்கம்.

பனியில் கொஞ்ச நேரம் நடந்து பார்த்த கணவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் டீயோடு உட்கார்ந்திருந்தார். அவர் கட்டுமானப் பொறியாளர். கோணலைக் கண்டால் கண் அங்கேயே நிற்கும்.

"விழறதுக்கு முன்னாடி பனியில ரெண்டு கோடு விழுது," என்றார் திரும்பும் வழியில். "ஒண்ணு பலகையோட விளிம்பு. பக்கத்துல கீறல் மாதிரி இன்னொண்ணு. அது உன் பூட்ஸோட மூக்கு. பலகையைத் தாண்டி நீட்டிக்கிட்டு பனியில உரசுது."

"அப்ப பலகைதான் சின்னது."

"பலகை சின்னதா, கால் பெருசாங்கிறது பார்க்கிறவனைப் பொறுத்தது."

இரண்டாம் வெள்ளி இருப்பதிலேயே அகலமான பலகையைக் கேட்டு வாங்கினேன். உரசல் போய்விட்டது. திருப்பமும் போய்விட்டது. நான் சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் பலகை சாய்ந்தது. கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல. விரல் நுனியில் எழும்பினால் பூட்ஸுக்குள் குதிகால் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது, பலகை பனியிலேயே கிடந்தது. ஆஸ்திரேலியப் பெண்ணான பயிற்றுநர் மிகுந்த மரியாதையோடு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அட்டை காலியாகவே திரும்பி வந்தது. மீதம் ஒரே ஒரு வெள்ளி.

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் பெஞ்சு ஓரமாக நின்று, ஒரு காலால் மறுகாலின் குதியை மிதித்து உதறிவிட்டேன். இரண்டும் கழன்று விழுந்தன. பூட்ஸ்களை உலர்த்தும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, தமிழா?"

நாங்கள் அதுவரை வாயே திறக்கவில்லை. "எப்படித் தெரிஞ்சுது?"

"கயித்த அவுக்காம கழட்டுனீங்களே. இத்தன வருஷத்துல வெள்ளைக்காரன் ஒருத்தன்கூட அப்படிக் கழட்டி நான் பாக்கல. உக்காந்து மல்லுக்கட்டுவான். நம்மாளுங்கதான் கோயில் வாசல்ல விடுற மாதிரி உதறிட்டுப் போவாங்க. பூட்ஸும் அதுக்குத் தக்கன லூசாத்தான் கேப்பாங்க."

அவருக்கு அறந்தாங்கிப் பக்கம். முப்பது வயதிருக்கும். நாளெல்லாம் நூற்றுக்கணக்கான பாதங்களைப் பார்க்கிறவர்.

"லூசா இருந்தா என்ன?" என்றேன்.

"என்னவா? உங்க காலு சொல்றத பூட்ஸு கேக்கணும், பூட்ஸு சொல்றத பலகை கேக்கணும். உள்ளயே காலு ஆடுனா யாரு யாருக்குச் சொல்றது? நம்பர விடுங்க. செவுத்துல குதிகால ஒட்டி நின்னு சென்டிமீட்டர்ல அளந்துட்டு வாங்க. காலைலயே வந்துருங்க, கூட்டத்துக்கு முன்னாடி."

கணவர் அவரிடம், "பாய், இவ கால அளக்க டேப் பத்தாதே," என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. உங்க ஷூவும் ரெண்டு சைஸ் பெருசுதான்."

நாங்கள் வீட்டு வாசல், கோயில் வாசல், டாக்டர் அறை வாசல் என்று எங்கும் கழற்றி மாட்டுகிறவர்கள். குனியாமல் நுழைகிறதா என்பதுதான் எங்களுக்குச் செருப்பின் முதல் தகுதி. ஆண்கள் பிரிவுக்குப் போன நாளிலிருந்து யாரும் என் காலை அளந்ததில்லை, நானும் காட்டியதில்லை. சுலபமாக நுழைந்ததையெல்லாம் என் அளவு என்று நம்பியிருக்கிறேன். யாரோ சொன்ன எண்ணைச் சரிபார்க்காமல் எழுதும் நிருபரை நான் சும்மா விடமாட்டேன். என் கால் விஷயத்தில் அதையே இருபது வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்.

அன்று மாலை தரையில் பழைய பத்திரிகையை விரித்து, சுவரில் குதிகால் ஒட்ட நின்றேன். கணவர் பென்சிலால் கட்டைவிரல் நுனியில் கோடு போட்டு, என் அலுவலக ஸ்கேலால் அளந்தார். இடது இருபத்தேழு, வலது அதற்கும் கொஞ்சம் கம்மி. நான் மாட்டிக்கொண்டிருந்த பூட்ஸில் சென்டிமீட்டர் கணக்கில் இருபத்தொன்பது என்று போட்டிருந்தது. இரண்டு சென்டிமீட்டர் வெறும் காற்று. இருபத்தேழும் பெண்ணுக்குப் பெரிய கால்தான். ஆனால் இப்போது அது அளந்த பெரிசு.

மூன்றாம் வெள்ளி கடை திறக்கும்போதே நின்றோம். அறந்தாங்கிக்காரர் இருபத்தேழு எண் போட்ட ஆண்கள் பூட்ஸை எடுத்துவந்தார். இரண்டு காலுறையில் ஒன்றைக் கழற்றச் சொன்னார். கால் உள்ளே போகவே மாட்டேன் என்றது. "குதிகாலத் தரையில ஓங்கி இடிங்க்கா," என்றார். இடித்தேன். கயிற்றை இழுத்துக் கட்டினார். நிமிர்ந்தபோது விரல்கள் முன்னால் முட்டின.

"இடிக்குது."

"இடிக்கணும். இப்ப முட்டிய மடக்குங்க."

மடக்கினேன். விரல்கள் பின்னால் நகர்ந்தன, முட்டல் நின்றுவிட்டது. நுனிக்காலில் எழும்பச் சொன்னார். குதிகால் அசையவில்லை.

பெண்கள் பலகை வேண்டாம், ரொம்ப அகலமானதும் வேண்டாம் என்று ஆண்களுக்கான நடுத்தரப் பலகை ஒன்றைத் தரையில் வைத்தார். பூட்ஸ் இரு பக்கமும் விரலகலத்துக்குச் சற்று அதிகமாக நீட்டியது. அவ்வளவு நீட்டலாமாம், நீட்டினால்தான் அழுத்தம் விளிம்புக்குப் போகுமாம். பிறகு காலைப் பூட்டும் பிடிகளைத் திருகாணி தளர்த்தி, முன்கால் முன்னோக்கியும் பின்கால் லேசாகப் பின்னோக்கியும் இருக்கும்படி திருப்பி இறுக்கினார். வாத்துக்கால். நேர்க்குறுக்காக நின்ற பாதம் இப்போது சாய்வாக நின்றதால் நீட்டலும் இன்னும் குறைந்தது.

"யல்லா அக்கா, கிளம்புங்க."

முதல் முறை விரல் பக்கம் சாய்ந்தபோது பழக்கத்தில் கைகளை முன்னால் நீட்டினேன், விழத் தயாராக. விழவில்லை. பலகை முனகிக்கொண்டே வளைந்து, சரிவின் உச்சியைப் பார்க்க என்னைத் திருப்பி நிறுத்தியது. சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு குழந்தை பயந்து உட்கார்ந்தது. மறுபடி மேலேறி வந்து சாய்ந்தேன், திருப்பம் மறுபடி வந்தது. இடம், வலம், நில் என்றாள் பயிற்றுநர். இடம், வலம். நின்றேன். அட்டையில் குறி போட்டுவிட்டு, டிக்கெட் நேரம் முடிய இருபத்தைந்து நிமிஷம்தான் இருக்கிறது, ஓடு என்றாள்.

நாற்காலி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு கால் மட்டும் பலகையில், பலகை அந்தரத்தில். கீழே கண்ணாடிக்குப் பின்னால் கணவரின் வழுக்கை தெரிந்தது. உச்சியிலிருந்து பார்த்தபோது சரிவு செய்தியில் எழுதியதைவிட நீளமாகவும், படத்தில் கண்டதைவிடச் செங்குத்தாகவும் இருந்தது.

முதல் இறக்கத்தில் பாதி வழியில் விழுந்தேன், பின்பக்கமாக. அது பூட்ஸின் குற்றமில்லை, கணவருக்குக் கையாட்டினேன். திரும்ப ஏறி வந்தபோது ஒன்பது நிமிஷம் இருந்தது. இரண்டாவதில் யாரையும் பார்க்கவில்லை. குதிகால், விரல், குதிகால், விரல். காதில் காற்று. கடைசித் திருப்பம் விரல் பக்கம். சுற்றி வந்து, வேலிக்கு முன்னால் நின்றேன். நின்றபடி.

கணவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டி எனக்குப் பின்னால் எதையோ காட்டினார். திரும்பிப் பார்த்தேன். கடைசித் திருப்பத்தின் தடம் பனியில் இருந்தது. ஒரே கோடு.