சூட்டோடு அளக்காதவள்

எங்கள் கம்பெனியில் என் அண்ணியைப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'நாளைக்கு அக்கா' என்று கேட்க வேண்டும். மெஷினிலிருந்து வந்து விழும் பிளாஸ்டிக் சாமானை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. "அக்கா, இது ஓகேவா?" என்று யார் ஓடி வந்தாலும் ஒரே பதில்தான்: "நாளைக்குச் சொல்றேன்." என் அண்ணன் அவளிடம் போய்க் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோதும் இதையே சொன்னாள். மறுநாள் சம்மதமும் சொன்னாள். நடுவில் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னைவிட நான்கு மாதம் சின்னவள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். நாத்தனார் ஆயிற்றே, ஒரு குறையாவது சொல்ல வேண்டாமா? ஒரு செருப்பு வாங்க என்னை மூன்று நாள் கடைக்கு இழுத்தடித்தவள். அவசரம் என்பது அவள் உடம்பிலேயே கிடையாது.

ஆனால் இந்தப் புத்தி பிறவியிலேயே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வாளி மூடிகளை மெஷினிலிருந்து விழுந்த சூட்டோடு வெர்னியரை வைத்து அளந்தாள். வரைபடத்தில் இருந்த அளவு இம்மி பிசகவில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். நாலாயிரம் மூடி ஓடியது. மறுநாள் ஒன்றுகூட வாளியில் உட்காரவில்லை. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மெஷினை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு நாள் முழுக்கக் கமுக்கமாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. நாலாயிரத்தையும் அரவை மெஷினில் அவளே போட்டாள், அழுதுகொண்டே. பேக்கிங்கில் நின்றிருந்த நான் சிரித்தேன். அப்போது அவள் எனக்கு அண்ணி ஆகவில்லை.

அன்றிலிருந்து அவள் மேஜைக்குப் பின்னால் ஓர் அலமாரி. மாதிரிச் சாமான் ஒவ்வொன்றின் மேலும் அது பிறந்த மணியை மார்க்கரால் எழுதி அடுக்குவாள். ஒரு நாள் வயதாகாத எதையும் தொடமாட்டாள்.

என் அண்ணன், பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் அச்சை, அதாவது மோல்டை, இரும்பில் செய்கிறவன். பதினோரு வருஷம் இன்னொருவரிடம் உழைத்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டான். முதல் மோல்டு எங்கள் கம்பெனிக்கு, ஒரு வட்ட டப்பாவின் மூடி. இது தேறினால் அடுத்தடுத்து வேலை வரும். சொதப்பினால் பட்டறைக்குப் பூட்டுதான்.

மெஷினில் மோல்டை மாட்டியதும் முதல் மூடிகள் விழுந்தன. முதலாளி ஆசையாக ஒன்றை எடுத்தார். பழைய மோல்டில் போன வாரம் செய்து வைத்திருந்த டப்பாவில் தண்ணீர் பிடித்து, மூடியைப் போட்டுக் கவிழ்த்தார். தண்ணீர் மொத்தமும் அவர் சட்டையில்.

"என்னப்பா இது, மூடியா தொப்பியா?"

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கொஞ்சம் லூசா இருக்கு சார். மோல்டுல மூடிக்கு உள்பக்கமா வர்ற இரும்பை லேசாத் தேய்ச்சா மூடியோட வாய் சின்னதாயிடும், டைட்டா உக்காரும். இப்பவே எடுத்துட்டுப் போறேன், சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்."

மோல்டு வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் கேட் பாஸில் அண்ணியின் கையெழுத்து வேண்டும். அண்ணன் சீட்டை நீட்டினான். அவள் பேனாவை எடுக்கவே இல்லை.

"போடமாட்டேன்."

"விளையாடறியா? முதலாளி நனைஞ்சு நிக்கறாரு!"

"அவரு காஞ்சுடுவாரு. தேய்ச்ச இரும்பு திரும்ப வளருமா?"

"எனக்காகப் போடேன்."

"உங்களுக்காகத்தாங்க போடமாட்டேங்கறேன். டப்பா ஆறி ஒரு வாரம் ஆச்சு. மூடி இன்னும் சுடுது. ரெண்டையும் சேத்து வச்சா எப்படிப் பொருந்தும்? நாளைக்குப் பாக்கலாம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணி, அண்ணன் பொழப்பே இதுல இருக்கு. ஒரு கையெழுத்துதானே?" என்று நடுவில் புகுந்தேன்.

"வாளி மூடி ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீங்கதானே சிரிச்சீங்க?" என்றாள்.

முதலாளி சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார், "நாளைக்கும் பொருந்தலேன்னா?"

"அப்பத் தேய்ச்சுக்கலாம் சார். என்னையும் வேலையை விட்டு எடுத்துடுங்க."

சொன்ன கையோடு அண்ணி இருபது மூடிகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அலமாரியில் பரப்பினாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு அரை மணி முன்பே அண்ணன் அந்த அலமாரி முன்னால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றான். அண்ணி பையை மாட்டினாள், கை கழுவினாள், துடைத்தாள், வெர்னியரையும் துடைத்தாள். எனக்கே அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. கடைசியில் ஒரு மூடியை எடுத்து டப்பாமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

டக்.

அடுத்தது, டக். இருபதும் அப்படியே. முதலாளி மறுபடியும் தண்ணீர் பிடித்தார். இந்த முறை உஷாராக என் அண்ணன் தலைக்கு மேலே வைத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"நேத்து மட்டும் நீ கையெழுத்துப் போட்டிருந்தா நான் தொலைஞ்சேன்," என்றான் அண்ணன்.

"சுருங்கறதுக்குக் கணக்குப் போட்டுத்தானே இரும்பைப் பெருசா வெட்டினீங்க? உங்க கணக்கு சரிதாங்க. நீங்கதான் அதை நம்பல," என்றாள் அவள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணியைக் கட்டிக்கொண்டேன், பழைய சிரிப்புக்கும் சேர்த்து.

முதலாளி மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். "டப்பாவுக்கும் புது மோல்டு வேணும்ப்பா. நீயே செய்யறியா?"

அண்ணன் நிமிர்ந்து நின்றான். எந்நாளும் இல்லாத நிதானத்தோடு, "நாளைக்குச் சொல்றேன் சார்," என்றான்.

அண்ணி அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"இதுக்கு எதுக்குங்க நாளைக்கு? இப்பவே சரின்னு சொல்லுங்க!"