பையில் புகைந்த வெளிச்சம்

யாராவது நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தால் போதும், இன்றும் என் கை கார்க் கதவைத் தேடும்.

போன வருடம் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் லாபு பக்கம், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் எழுந்த வாடை அது. மம்பாவில் ஒரு கோயில் மண்டபத்தில் அன்று மாலை கலைநிகழ்ச்சி, அதற்குத்தான் காரில் போய்க்கொண்டிருந்தோம். விளக்கை அணைத்துவிட்டு, ஒளிரும் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்க இருந்தாள் என் மகள். பந்துகளை நாங்களே செய்திருந்தோம். வெள்ளை ரப்பர் பந்தைக் கீறி, உள்ளே குட்டி விளக்கு, பழைய டிரோன் பொம்மைகளிலிருந்து கழற்றிய பேட்டரி, கைக்குக் கனம் வர ஒரு பிடி அரிசி, மேலே பசை. விழ விழத்தான் வித்தை வரும் என்று சிமெண்டுத் தரையில் பழகினாள். விழுந்தபோதெல்லாம் உள்ளே பேட்டரியும் அடிபட்டது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. அடிபட்டுக் கசியும் பேட்டரிக்கு நகப்பூச்சு வாடை என்பதும் அப்போது தெரியாது.

"காருக்குள்ள நகத்துக்குப் பூசுறியா?" என்றேன்.

"இல்லம்மா. பை சுடுது."

காரை நிறுத்தி, பின் இருக்கையிலிருந்து அவளை இழுத்து வெளியே தள்ளினேன். உள்ளே பையின் ஜிப் வழியாக வெள்ளைப் புகை. ஒரு பந்து சீறிக்கொண்டிருந்தது. அவளோ காரை நோக்கித் திரும்பி ஓடினாள்.

"மத்த பந்தையாச்சும் எடுத்துர்றேன், விடுங்கம்மா."

இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னைவிட வளர்ந்தவள். என் பிடி நழுவியது, மறுபடி நழுவியது. கத்தினேனா, சாமியைக் கூப்பிட்டேனா, தெரியாது.

செம்பனைக் குலை வெட்டுகிறவர் ஒருவர், நீளக் கம்பை மோட்டார் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். "அக்கா, புள்ளய விட்றாதீங்க" என்றபடியே கம்பை அவிழ்த்தார். தள்ளி நின்று, அதன் நுனி அரிவாளைப் பையின் வாரில் மாட்டி இழுத்தார். மண்ணில் விழுந்ததும் பை குப்பென்று பற்றியது. பந்துகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கருகிய அரிசி வாடை.

பாதையிலேயே உட்கார்ந்து அழுதாள் மகள். "இனிமே சாதாப் பந்துல எப்படிம்மா ஆடுறது? இருட்டுல ஒண்ணுமே தெரியாதே."

மகளைப் பிடித்திருந்ததில் நன்றி சொல்ல மறந்தேன், பெயரும் கேட்கவில்லை. இப்போதும் அந்தப் பாதையில் கம்பு கட்டிய மோட்டார் எதிரே வந்தால், அவராக இருக்குமோ என்று என் கார் தானாக வேகம் குறைகிறது.

அன்று, கம்பை மறுபடி கட்டி முடித்து, மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டே அவர் அவளைப் பார்த்தார்.

"அப்ப பகல்லயே ஆடேன்மா. நல்லாத் தெரியும் லா."