நான்கு ஜோன்களும் ஒரு கெட்டிமேளமும்

போன ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அலங்காரம், சாப்பாடு, வந்த கூட்டம் – எதிலும் குறையில்லை. ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காரணம், என் வீட்டுக்காரர் 'செட்' பண்ணி வைத்த ஸ்பீக்கர் சிஸ்டம்.

கோயில் மண்டபத்துக்குப் புதிதாக வாங்கியது. நிர்வாகத்தில் அவரும் ஓர் ஆள். சும்மா இருப்பாரா? ஒரு வாரமாக அந்தப் பெட்டியோடுதான் குடித்தனம். இடத்தை நான்கு ஜோன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்திருந்தார்: மண்டபம் ஒரு ஜோன், சாப்பாட்டு ஹால் ஒரு ஜோன், கார் பார்க் ஒரு ஜோன், மணப்பெண் அறை ஒரு ஜோன். ஒவ்வொரு இடத்துக்கும் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம்.

அதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அதில் இருந்தது. பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். மைக்கில் யாராவது வாயைத் திறந்தால் போதும், பாட்டு தானாக அடங்கிவிடும். காரை நகர்த்தச் சொல்லி அறிவித்தால், பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது, இல்லையா? சோதித்துக் காட்டியபோது நிர்வாகமே கை தட்டியது. நானும்தான் தட்டினேன்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அத்தான் தவறிய பிறகு எந்தச் சுபகாரியத்திலும் அவள் முன்னால் வந்து நிற்பதில்லை. மகள் கல்யாணத்துக்கும் மணவறைப் பக்கம் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பெற்றவளே மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கக் கூடாது என்று எவன் எழுதி வைத்தான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மாவே வந்து கூப்பிட்டார். அசைந்தால்தானே!

அவள் பயம் அவளுக்கு. மகளுக்கு முதலில் பேசி முடித்த இடம், பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனது. இதுவும் தன் ராசியால் நின்றுவிட்டால்...?

"நான் ரூம்லயே இருக்கேன்டி. கெட்டிமேளம் கேட்டா போதும். தாலி ஏறிடுச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்."

மணப்பெண் அறைக்கு மட்டும் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

கெட்டிமேளம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தாலி ஏறும் அந்த நொடியில் ஒரு தும்மலோ, வேண்டாத சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது. அதற்காகத்தான் அந்த முழக்கம்.

அன்று பார்த்து நாதஸ்வரக் குழு வந்து சேரவில்லை. சிரம்பானிலிருந்து கிளம்பிய வேன் ஹைவே ஜாமில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் காத்திருக்குமா? வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கெட்டிமேளம் போனிலேயே இருக்கிறதாம். பாட்டுக்குப் பதிலாக அதை ஓட விட்டால் நான்கு ஜோனும் அதிருமாம்.

"நீ கவலைப்படாதே லா," என்றார்.

அவர் அப்படிச் சொன்னாலே ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். வீட்டுக்காரர் போனைத் தட்டினார், மேளம் அதிர ஆரம்பித்தது. குருக்கள் கையை உயர்த்தி, எதிரே ஸ்டாண்டில் இருந்த மைக்கில் குரல் கொடுத்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அவ்வளவுதான். மேளம் பொசுக்கென்று அடங்கிவிட்டது.

அடங்காமல் என்ன செய்யும்? மைக்கில் பேச்சு வந்தால் அடங்கு என்று சொல்லிக்கொடுத்ததே இவர்தானே! குருக்கள் நிறுத்தினால் மேளம் மெல்லத் தலைதூக்குகிறது. சத்தம் போதவில்லையே என்று அவர் மறுபடி குரல் கொடுக்கிறார், மறுபடி ஒடுங்குகிறது. அவர் கத்தக் கத்த இது பம்முகிறது. கடைசியில், கோளாறு போனில்தான் என்று நினைத்த வீட்டுக்காரர் பதற்றத்தில் போனின் ஒயரையே பிடுங்கிவிட்டார்.

சுத்த அமைதி. நான்கு ஜோனிலும்.

குருக்கள் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கோ அக்கா நினைப்புதான். ஸ்பீக்கரை நம்பி உட்கார்ந்திருக்கிறவள். மேளம் விட்டு விட்டுக் கேட்டு, அதுவும் நின்றுபோனால் என்ன நினைப்பாள்? கல்யாணம் நின்றுவிட்டது என்றுதானே? ஐயோ, மயங்கி விழுந்து கிடந்தால்...? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

சாப்பாட்டு ஹாலைத் தாண்டும்போது என் தலைக்கு மேலே ஸ்பீக்கரில் ஒரு குரல். மாப்பிள்ளையுடையது. முடிச்சுப் போடக் குனிந்தவருக்கு, மைக் பக்கத்தில் இருப்பது நினைவில்லை.

"வலிக்குதா? முடி மாட்டிக்கிச்சு... இரு, மெதுவா எடுக்கிறேன்."

பிறகு, மூச்சுக் காற்று மாதிரி என் அக்கா மகள்:

"பரவால்ல. கட்டுங்க."

இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மண்டபத்திலிருந்து கைதட்டலும் ஆரவாரமும் கிளம்பின. தாலி ஏறிவிட்டது.

அறைக் கதவைத் தள்ளினேன். அக்கா ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டியாகிவிட்டது, சிஸ்டம்தான் கோளாறு, வேறொன்றும் இல்லை என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வலிக்குதான்னு கேட்டான்டி," என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க அத்தான் கடைசி வரைக்கும் ஒரு தடவகூட என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல."

அத்தான் நல்ல மனிதர். குடியில்லை, அடியில்லை. அக்காவுக்கு என்ன குறை என்றுதான் நாங்கள் எல்லோரும் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போகலாமா என்று கையைப் பிடித்தேன். கெஞ்ச வேண்டிய வேலையே இருக்கவில்லை. எனக்கு முன்னால் அவளே விறுவிறுவென்று மணவறைக்கு நடந்தாள். மாப்பிள்ளையை ஒரு தடவை நன்றாகப் பார்க்க வேண்டுமாம்.

மாப்பிள்ளைமார்களே... மைக் இல்லாத இடத்திலும் 'வலிக்குதா?' என்று கேளுங்கள்!