நிரம்பாத குழி

என் தங்கையின் கிணற்றுக்குள் மலத்தை விட்டவன் நான். தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன்.

நான் மேசன். வலிகாமத்தில் முப்பது வருடமாக வீடு கட்டுகிறேன். ஆனால் நான் பேர் எடுத்தது வீட்டால் அல்ல, கக்கூஸ் குழியால்! அவன் கட்டினால் நிரம்பாது என்பார்கள். எப்படி நிரம்பும்? அடியில் கொங்கிறீற் போட்டால்தானே நிரம்பும்! வெட்டும்போது சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பைத் தேடுவேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். மடமடவென்று இறங்கினால், "கல்லு நல்லாக் குடிக்குது" என்பேன். சுற்றுச்சுவரை மட்டும் கட்டி, அடியைத் திறந்தபடி விட்டு மூடிவிடுவேன்.

குடித்த கல் அதை எங்கே கொண்டுபோய் விடும்... நான் கேட்டேனா? நீங்கள் கேட்டீர்களா?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை என்கிறோம். பொய்! அது கல்லுக்குக் கீழே ஓடுகிறது. நம் கிணறுகள் எல்லாம் அதற்கு நாம் வெட்டிய வாய்கள். கீரிமலைக் கேணியில் நீங்கள் தலை முழுகும் தண்ணீரும் அந்த வழியாக வந்ததுதான்.

தங்கை புஷ்பத்தின் பக்கத்து வளவில் குழி கட்டியதும் நானே. மதிலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய கிணறு. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் தூரம் காணாது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அடி போடுவோம், இல்லையென்றால் தள்ளி வெட்டுவோம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பேர் என்னாவது? நிரம்புகிற குழி கட்ட என்னை ஏன் கூப்பிட வேண்டும்?

இந்த மாரியில் புஷ்பத்தின் பேத்திக்கு வயிற்றோட்டம். கைக்குழந்தை! ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துப்போன சுகாதாரப் பரிசோதகர் திரும்பி வந்து, மலக்கிருமி இருக்கிறது, குடிக்காதீர்கள் என்றார்.

நான் அந்த முற்றத்தில்தான் நின்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எங்கடை குழியிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. உவர் கட்டினது! பன்னிரண்டு வருசம், ஒருக்காலும் குழி இறைக்கப் பவுசர் கூப்பிடேல்லை!"

என்னைப் புகழ்ந்தார்...! புஷ்பம் என் முகத்தைப் பார்த்தாள்.

"அடி போடேல்லைப் பிள்ளை" என்றேன்.

"கிணத்துக்கு வரும் எண்டு அண்டைக்கே தெரியுமோ, அண்ணை?"

"ஓம்."

அடுத்த நாளே அலவாங்கோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். குழியை உடைத்து, கூலி இல்லாமல் அடி போட்டுத் தருகிறேன் என்றேன்.

"விசரே உமக்கு? நிரம்பாத குழியை நிரம்புற குழியாக்கவோ?" கேற்றைச் சாத்தினார்.

நான் கட்டிய மற்ற வீடுகளுக்கும் போனேன். எல்லா இடத்திலும் அதே பதில்தான்! குற்றவாளி நான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் குழி நிரம்பவில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறீர்களே, அது எங்கே போகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்! திரும்பவும் வருவேன். கேற்றைப் பூட்டினாலும் வருவேன்.

புஷ்பம் என்னோடு கதைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்... போகிற நேரமெல்லாம் தேத்தண்ணீர் தருகிறாள்.

"கடைப் போத்தல் தண்ணியிலை போட்டது, அண்ணை. நீங்கள் பயப்பிடாமல் குடியுங்கோ."